பதினொரு பிள்ளைகளின் சராசரி

"சேர், மிச்ச ரெண்டு பிள்ளையளும் எங்க?"

கேட்டவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கும் செயல்நிலை ஆய்வுகளை ஒப்புவிக்கும் நாளில் பின்வரிசையில் பிளேன்ரீக் கோப்பையோடு இருந்தார். நான் முன்னால் நின்று திரையில் ஒரு வரைபின் இரண்டு சலாகைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கத்துச் சின்னப் பாடசாலை ஒன்றில் தரம் 8க்கு ஆங்கிலம் படிப்பித்த காலம் அது. சொல்லட்டைகளை வைத்து ஆறு கிழமை சொல்வளப் பயிற்சி கொடுத்திருந்தேன். தொடங்கும்போது வகுப்பின் சராசரி 20க்கு 9, முடியும்போது 10. ஒரு புள்ளிதான், ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தானே. முதல் சலாகையின் கீழ் 11 பேர் என்றும் அடுத்ததின் கீழ் 9 பேர் என்றும் சின்ன எழுத்தில் நானே போட்டிருந்தேன். அதைத்தான் அவர் பிடித்தார்.

அறுவடை நேரம், இரண்டு பேர் வரவில்லை என்றேன். முதல் சோதனையில் அவர்கள் எடுத்த புள்ளி என்ன என்று கேட்டார். 4, 5. கையிலிருந்த அழைப்புக் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் கூட்டினார். "பதினொரு பேருக்கு மொத்தம் 99. அதில இந்த ஒம்பதைக் கழிச்சா 90. ஒம்பது பேருக்குத் தொண்ணூறு எண்டா சராசரி பத்து. உங்கட பிள்ளையள் ஒரு சொல்லும் புதுசாப் படிக்காட்டிலும் இந்தப் படம் இப்பிடித்தான் வரும்."

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். அடுத்த நாள் புள்ளிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. (எண்களைக் கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் மாற்றித் தந்திருக்கிறேன். பிழை அப்படியேதான் இருக்கிறது.)

வன்னியில் இந்தப் பிழை நடக்க வாய்ப்புக் கூட. சோதனை நாளில் யார் வராமல் விடுகிறார் என்பது இங்கே சீட்டுக் குலுக்கி முடிவாவதில்லை. மழைக்கால நெற்செய்கையான காலபோகத்தின் அறுவடை தையிலும் மாசியிலும் வரும். வயலில் ஆள் தேவைப்படும் வீட்டுப் பிள்ளைதான் நிற்கும். மழை இறுகினால் காட்டோரக் கிராமத்துப் பிள்ளைக்குப் பாதை அறுந்துவிடும், பஸ் ஓடும் தெருவில் வீடு உள்ள பிள்ளை வந்து சேர்ந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது. எங்கள் சொல்வளச் சோதனை எம்மாத்திரம்? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மறுநாள் முள்ளியவளைப் பக்கம் சோதனை வைக்கிற ஆசிரியருக்கோ நான் சொல்ல ஒன்றுமில்லை.

தூரம், வீட்டு வேலை, கையில் காசில்லாமை எல்லாம் பிள்ளையின் வரவைப் பிடித்து இழுப்பது போலவே அதன் ஆங்கிலப் புள்ளியையும் பிடித்து இழுக்கின்றன. அதனால் வராத பிள்ளை பெரும்பாலும் கீழ்ப்பக்கத்துப் பிள்ளையாக இருக்கும். அவர் இல்லாமல் போனால் சராசரி தானாக ஏறும். எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது கெட்டிக்காரப் பிள்ளைகள் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கருத்தரங்கு என்று போய்விடுவார்கள். அந்தக் கிழமையில் சோதனை வைத்தால் நீங்கள் எவ்வளவு நன்றாகப் படிப்பித்திருந்தாலும் வகுப்பு விழுந்ததாகவே தெரியும்.

இதற்கு மருந்து பெரிய கணக்கில் இல்லை. இரண்டு சோதனையும் எழுதியவர்களை மட்டும் எடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிடுங்கள். வராதவர் எத்தனை பேர், அவர்களின் முதற்புள்ளி என்ன என்பதை அதே அட்டவணையில் எழுதுங்கள். முடிந்தால் அந்தக் கிழமைக்குள்ளேயே அவர்களைக் கூப்பிட்டு இருத்தி எழுத வையுங்கள். வரவு இடாப்பும் பென்சிலும் இருந்தால் காரியம் முடிந்தது. ஆனால் நான் வாசித்த ஆய்வறிக்கைகளில் இதைச் செய்தவை மிகக் குறைவு. அவற்றில் ஏற்றம் தற்செயலா என்று பார்க்கும் ரி சோதனை (t-test) இருக்கும், அதன் பி பெறுமானம் (p-value) மூன்று தசமதானத்துக்கு இருக்கும், இரண்டு பிள்ளைகளைக் காணோம்.

செயல்நிலை ஆய்வு என்ற பெயரை 1940களில் பரப்பியவர் கேர்ட் லெவின் என்ற உளவியலாளர். செய்து பார், விளைவைக் கவனி, மாற்றிச் செய், திரும்பக் கவனி என்கிற சுழற்சிதான் அதன் உயிர். நம்மிடம் அது பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கும் கல்வியியற் கல்லூரிப் பயிலுநரின் ஒப்படைக்கும் பதவி உயர்வுக் கோப்புக்கும் உரிய ஒன்றாகிவிட்டது. அதனால் பல்கலைக்கழக ஆய்வின் சட்டையை வாங்கிப் பதினொரு பிள்ளைகளுக்குப் போட்டுவிடுகிறோம். சட்டை பெரிதாக இருப்பது பிள்ளையின் குற்றமில்லை.

சரி, சட்டையை விட்டுவிட்டு என் வகுப்பைப் பார்ப்போம். முதல் சோதனைப் புள்ளிகள் சிறிதிலிருந்து பெரிதாக: 4, 5, 6, 6, 7, 7, 8, 9, 10, 18, 19. சராசரி 9 என்று ஒப்புவித்தேனே, அந்த 9 எந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறது? ஏழு பேர் அதற்குக் கீழே. ஒருவர் சரியாக அதில். மூன்று பேர்தான் மேலே, அதிலும் 18உம் 19உம் எடுத்த இருவர்தான் சராசரியையே தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒருத்தி கொழும்பில் படித்துவிட்டு வந்தவள், மற்றவன் ரியூசனுக்குப் போகிறவன். அந்த இருவரையும் விட்டுப் பார்த்தால் மற்ற ஒன்பது பேரின் சராசரி 6.9. வரிசையில் நடுவில் நிற்கும் ஆறாவது பிள்ளையின் புள்ளி 7. அதுதான் இடையம். சின்ன வகுப்பில் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லலாம் என்றால் நான் இடையத்தைச் சொல்வேன். 19 எடுத்த பிள்ளை 20 எடுத்தாலும் 12 எடுத்தாலும் இடையம் அசையாது.

சொற்களைப் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. நம் கணிதப் பாடநூல்களில் சராசரிக்கு 'இடை', நடுப்பெறுமானத்துக்கு 'இடையம்', அதிகம் வருவதற்கு 'ஆகாரம்', பரவலைச் சொல்வதற்கு 'நியம விலகல்'. தமிழ்நாட்டுப் பக்கங்களில் தேடினால் இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் என்று வரும். இரண்டையும் ஒரே அறிக்கையில் கலந்து எழுதியதால் எதைச் சொல்கிறார் என்று தெரியாமல் போன கட்டுரைகள் என் மேசையில் இருந்திருக்கின்றன. ஒன்றைப் பிடித்தால் அதையே கடைசிவரை பிடியுங்கள். நான் 'இடை' என்பதற்குச் சராசரி என்றே எழுதுகிறேன், இடையத்தோடு குழம்பாமல் இருக்க.

இப்போது இன்னொரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இதுவும் 11 பேர்: 7, 8, 8, 8, 9, 9, 9, 10, 10, 10, 11. கூட்டினால் 99. சராசரி 9. ஒப்புவிக்கும் படத்தில் இரண்டு வகுப்புக்கும் ஒரே உயரச் சலாகைதான் வரும். ஆனால் ஒரு ஆசிரியர் இந்த இரண்டு வகுப்புக்கும் ஒரே பாடத்தைக் கொண்டு போனால் என் வகுப்பில் முன்வரிசை கொட்டாவி விடும், பின்வரிசை கொப்பிக்குப் பின்னால் ஒளியும். அந்த வித்தியாசத்தைச் சொல்வதுதான் நியம விலகல். ஒவ்வொரு புள்ளியும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அதை வர்க்கித்து, கூட்டி, ஆள்தொகையில் ஒன்று குறைத்து வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். என் வகுப்பில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 250. அதைப் பத்தால் வகுத்தால் 25. வர்க்கமூலம் 5. மற்ற வகுப்பில் கூட்டுத்தொகை 14தான், நியம விலகல் ஏறத்தாழ 1.2. எக்செல்லில் இதற்கு இரண்டு வாய்ப்பாடுகள் இருக்கும். 'எஸ்' என்று முடிவது (STDEV.S) ஒன்று குறைத்து வகுக்கும், 'பி' என்று முடிவது (STDEV.P) குறைக்காமல் வகுக்கும். ஆய்வுக்கு எடுப்பது 'எஸ்'.

சராசரியை எழுதும் எவரும் பக்கத்திலேயே நியம விலகலையும் ஆள்தொகையையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த அறிக்கையை நான் திருப்பிக் கொடுப்பேன். கடுமையாகத்தான் இருக்கிறது, தெரியும்.

அடுத்த பொறி என்னுடையதைவிட ஆழமானது. எனக்குத் தெரிந்த பல நல்ல ஆசிரியர்கள் அதில் விழுந்திருக்கிறார்கள்.

பின்தங்கியவர்களுக்கான பரிகாரக் கற்பித்தலுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்வது எப்படி? ஒரு சோதனை வைப்போம், கீழே உள்ள பத்துப் பேரை எடுப்போம். பின்னேரம் வகுப்பு நடத்துவோம். ஒரு தவணை கழிந்து திரும்பச் சோதித்தால் பத்துப் பேரில் பெரும்பாலானோர் ஏறியிருப்பார்கள். ஆசிரியர் மகிழ்வார், அதிபர் கூட்டத்தில் சொல்வார். ஆனால் அந்த முதல் சோதனை நாளை யோசித்துப் பாருங்கள். கீழே வந்த பத்துப் பேரில் சிலர் உண்மையிலேயே ஆங்கிலத்தில் பின்தங்கியவர்கள். வேறு சிலர் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தவர்கள், சைக்கிள் காற்றுப்போய் அரைமணி பிந்தி வந்தவர்கள், காலையில் ஒன்றும் சாப்பிடாதவர்கள், இரண்டாம் பக்கத்தைத் திருப்ப மறந்தவர்கள். இவர்கள் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை தங்கள் வழமையான இடத்துக்கு ஏறிவிடுவார்கள். அதேபோல முதல் நாள் உச்சியில் நின்றவர்களில் சிலர் அன்றைய அதிர்ஷ்டத்தில் நின்றவர்கள். அவர்கள் இறங்குவார்கள்.

இதை முதலில் கண்டு எழுதியவர் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர். 1886இல் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் அவ்வளவு குட்டையாக இல்லை. ஓரத்தில் நிற்பவை நடுவை நோக்கித் திரும்பும். யாரும் படிப்பித்து வருவதில்லை இது. ஒரே ஒரு அளவீட்டை வைத்து ஓரத்தில் உள்ளவர்களைப் பொறுக்கினால் எங்கேயும் நடக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பரிகார வகுப்புக்கு வராத மேல்தட்டுப் பிள்ளைகளின் இரண்டாம் புள்ளியைப் பாருங்கள். அவர்கள் இறங்கியிருந்தால், கீழே உள்ளவர்களின் ஏற்றத்திலும் ஒரு பங்கு இந்தத் திரும்பலால் வந்ததாக இருக்கலாம். அதைவிட நல்லது, தெரிவுக்கு முன்னரே ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு சோதனை வைப்பது. முதலாவதைக் கொண்டு பிள்ளைகளைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டாவதைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளுங்கள். அதிர்ஷ்டத்தில் கீழே வந்தவர்கள் இரண்டாவதிலேயே ஏறிவிடுவார்கள், உங்கள் கணக்கில் கலக்கமாட்டார்கள்.

பெரிய பாடசாலைக்காரர் இதற்குச் சமாந்தர வகுப்பு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள் என்பார். 8ஏ, 8பி, 8சி என்று இருக்கும் இடத்தில் அது நடக்கும். துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்ளூரில் ஒரு தரத்துக்கு ஒரு வகுப்பே பெரும்பாடு. பக்கத்துப் பாடசாலையோடு ஒப்பிட்டால் ஆசிரியர் வேறு, பாதை வேறு, பஸ் வேறு. எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. எங்களுக்குச் சரிவருவது முறைவைத்துக் கொடுப்பது. வகுப்பைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, டப்பாவில் போட்டு, பிள்ளைகளின் முன்னாலேயே எடுங்கள். முதல் ஆறு கிழமை ஒரு பாதிக்குச் சொல்லட்டை, மற்றப் பாதிக்கு வழமையான பாடம். நடுவில் ஒரு சோதனை. அப்புறம் மாற்றிக் கொடுங்கள். ஒரு பிள்ளையும் இழக்காது, உங்களுக்கும் ஒப்பீடு கிடைக்கும். சீட்டுக் குலுக்கல்தான் முக்கியம். "உற்சாகமான பிள்ளைகளை முதலில் எடுத்தேன்" என்றால் நீங்கள் அளப்பது உற்சாகத்தை.

வினாத்தாளைப் பற்றியும் ஒரு சொல். ஒரே தாளை இரண்டு தரம் கொடுத்தால் பிள்ளைகள் தாளைப் படித்துவிடுவார்கள், அண்ணன் அக்காவிடமும் போய்ச் சேரும். வேறு தாள் கொடுத்தால் அது கடினமா எளிதா என்ற கேள்வி. இரண்டு தாள் செய்து, முதல் நாள் பாதிப் பேருக்கு ஒன்றையும் மற்றவர்களுக்கு மற்றதையும் கொடுத்து, கடைசி நாளில் மாற்றிக் கொடுத்தால் அந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

இவ்வளவும் செய்தபின் வருவதுதான் எல்லோரும் பயப்படும் கேள்வி: கிடைத்த ஏற்றம் உண்மையா, தற்செயலா? இதற்கு எல்லோரும் ஓடுவது ரி சோதனைக்கு. அதன் கதை எனக்குப் பிடிக்கும். 1908இல் அதை எழுதியவர் வில்லியம் கொசெட், டப்ளினில் கின்னஸ் பியர் ஆலையில் வேலை பார்த்தவர். பார்லியும் மற்ற மூலப்பொருள்களும் பற்றி அவருக்குக் கிடைத்த மாதிரிகள் எப்போதும் கொஞ்சம்தான், எங்கள் வகுப்பைப் போல. கொஞ்ச மாதிரியை வைத்து எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் அவர் கணக்குப் போட்டார். ஊழியர் சொந்தப் பெயரில் வெளியிடக்கூடாது என்பதால் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவன், என்ற புனைபெயரில் எழுதினார். ஆக, சின்ன வகுப்புக்கு ரி சோதனை கூடாது என்று சொல்கிறவர் அதன் பிறப்பை மறந்துவிட்டார். ஆனால் என் வகுப்பைப் போல 18, 19 என்று இரண்டு புள்ளிகள் தனியே துருத்திக்கொண்டு நின்றால், பதினொரு பேரில் அது தடுமாறும் என்பதும் சரிதான்.

அதற்குப் பதில் நான் சொல்லிக்கொடுப்பது நாணயம் சுண்டிப் பார்க்கும் கணக்கு. குறிச்சோதனை என்று பெயர். மிகப் பழையது, 1710இலேயே ஜோன் ஆர்பத்நொட் என்பவர் லண்டனில் 82 ஆண்டுகள் தொடர்ந்து ஆண் குழந்தைகளே கூடுதலாக ஞானஸ்நானம் பெற்றதை இப்படித்தான் ஆராய்ந்தார். புள்ளி எவ்வளவு ஏறியது என்பதை மறந்துவிடுங்கள். ஏறினாரா, இறங்கினாரா என்று மட்டும் எண்ணுங்கள். புள்ளி மாறாதவர்களை விட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு 11 பேரில் ஒருவர் அசையவில்லை, ஒருவர் இறங்கினார், 9 பேர் ஏறினார்கள் என்று வைப்போம். உங்கள் முறையில் ஒரு பலனும் இல்லையென்றால் ஒவ்வொரு பிள்ளையும் ஏறுவதும் இறங்குவதும் நாணயத்தில் பூவா தலையா என்பது போலத்தான். பத்து நாணயம் சுண்டினால் மொத்தம் 1024 விதமாக விழலாம். அதில் ஒன்பது தலை விழும் விதம் 10, பத்தும் தலையாக விழும் விதம் 1. மொத்தம் 11. அதாவது நூறில் ஏறத்தாழ ஒரு வாய்ப்பு. இறங்கும் பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மை, அப்போது நூறில் இரண்டு. தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம்.

ஒரு பிள்ளை மட்டும் மாறட்டும். பத்தில் 8 பேர் ஏறினார்கள் என்று வைத்தால் எட்டு, ஒன்பது, பத்துத் தலை விழும் விதங்கள் 45, 10, 1. கூட்டினால் 56. இரு பக்கமும் சேர்த்து 112, 1024இல் கிட்டத்தட்ட 11 வீதம். பத்தில் எட்டுப் பேர் ஏறியும் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை, மகளிடம் ஐந்து ரூபாய்க் குற்றி கொடுத்து ஒரு பின்னேரம் முழுக்கச் சுண்ட வைத்தேன்.

இந்த 11 வீதம், 2 வீதம் என்பவைதான் பி பெறுமானம். முறையில் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படியொரு விளைவோ இதைவிடப் பெரியதோ வரும் வாய்ப்பு. அவ்வளவுதான். "என் முறை பலன்தரும் வாய்ப்பு 98 வீதம்" என்று அதைத் திருப்பிப் போட்டு எழுதுவது பிழை. 2016இல் அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கம் இதற்கென்றே ஒரு அறிக்கை விட வேண்டி வந்தது என்றால், பிழை எங்களோடு மட்டும் இல்லை என்று தெரிகிறது. 5 வீதம் என்ற கோடும் தெய்வம் வகுத்ததல்ல. 1925இல் ரொனால்ட் பிஷர் என்ற புள்ளிவிபரவியலாளர் இருபதில் ஒன்று வசதியான எல்லை என்று எழுதியது வழக்கமாகிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கேட்டல் என்று இருபது விடயங்களைத் தனித்தனியே சோதித்தால், ஒன்றிலும் பலன் இல்லாதபோதும் ஒன்றாவது அந்தக் கோட்டைத் தாண்டும் வாய்ப்பு, அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், நூறில் 64. தாண்டிய அந்த ஒன்றை மட்டும் அறிக்கையில் போட்டால் அது ஆய்வல்ல.

ஏற்றம் உண்மை என்றாலும் அது பெரிதா சிறிதா? இரண்டு வகுப்புமே சராசரியில் 2 புள்ளி ஏறின என்று வைப்போம். என் வகுப்பின் நியம விலகல் 5. இரண்டை ஐந்தால் வகுத்தால் 0.4. மற்றதில் 1.2, வகுத்தால் ஏறத்தாழ 1.7. இதை விளைவின் அளவு என்பார்கள். ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்று பொதுவாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மொழி ஆசிரியர்கள் அதை அப்படியே எடுக்கக்கூடாது. லூக் பிளொன்ஸ்கியும் பிரெடரிக் ஒஸ்வால்டும் இரண்டாம் மொழி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2014இல் வேறு அளவுகோல் கொடுத்தார்கள். ஒரே குழுவை முன்னும் பின்னும் ஒப்பிடும்போது 0.6 சிறிது, 1.0 நடுத்தரம், 1.4 பெரிது. ஆறு கிழமை படிப்பித்தால் எந்தப் பிள்ளையும் கொஞ்சமாவது ஏறத்தான் செய்யும் என்பதால் கோல் நீளமாகிறது. அந்தக் கோலில் என் 0.4 சிறிதுகூட இல்லை.

இதெல்லாம் புள்ளி சரியாக இருந்தால்தான். கட்டுரை, கடிதம், பேச்சு ஆகியவற்றுக்கு நாம் போடும் புள்ளி அளவுநாடா போட்டு எடுத்ததல்ல. இருபது கட்டுரைகளை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி ஒவ்வொருவரும் 15ஐச் சித்தி (பாஸ்) என்கிறார்கள், 16இல் ஒத்துப்போகிறார்கள் என்று வைப்போம். 80 வீதம் ஒத்துப்போனது, நல்லது என்போம். ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நாலில் மூன்றுக்குச் சித்தி போட்டிருந்தாலே 62.5 வீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலுக்கு மேலே கிடைத்தது 17.5. கிடைத்திருக்கக்கூடியது 37.5. ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.47. அதே கோஹன் 1960இல் தந்த கப்பா என்ற அளவு இது. பாதிக்கும் குறைவு. பக்கத்தில் இரண்டாவது ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலை என்றால், நீங்களே பெயரை மறைத்து இரண்டு கிழமை கழித்துத் திரும்பத் திருத்திப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன், என்னோடு நானே ஒத்துப்போகவில்லை.

"ஆங்கிலம் படிக்க விருப்பமா" என்ற வினாக்கொத்துகளுக்கு அதிக இடம் கொடுக்க நான் விரும்பவில்லை. மிகவும் விருப்பம் என்பதற்கு 5, விருப்பமே இல்லை என்பதற்கு 1 என்று போட்டுச் சராசரி 4.3 என்று எழுதுவதைவிட, 11 பேரில் எத்தனை பேர் எதில் புள்ளடி போட்டார்கள் என்று எழுதினால் போதும். தவிர, சேர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளை விருப்பமே இல்லை என்று போடும்?

பெயரை மறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பதினொரு பேர் உள்ள வகுப்பில் "தாயை இழந்த, அம்மம்மாவுடன் வாழும், 4 புள்ளி எடுத்த மாணவி" என்று எழுதினால் பெயர் எழுதாமலே ஊர் முழுக்கத் தெரியும். இந்த மண்ணில் ஒவ்வொரு வீட்டிலும் இழப்பு இருக்கிறது, அது புள்ளியோடு தொடர்புடையதாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த வரி அறிக்கைக்குள் வரக்கூடாது.

கடைசியில் நான் அந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு விறாந்தையில் இருத்திச் சோதனையை எழுத வைத்தேன், அறுவடை முடிந்து அவர்கள் திரும்பியபின். 4 எடுத்தவள் 7 எடுத்தாள். 5 எடுத்தவன் திரும்பவும் 5. பதினொரு பேருக்கும் சராசரி 9.3. திரையில் காட்டும்படியான சலாகை இல்லை. அந்தப் பையனின் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே தாளை இரண்டு தரம் கொடுத்த பிழையையும் நான் செய்திருந்தேன், அதனால்தான் பார்க்க முடிந்தது. முதல் முறை சரியாக எழுதிய ஐந்தில் இரண்டை இந்த முறை விட்டிருந்தான். புதிதாக இரண்டு சொல் சரி. ஒன்று குடைக்கான சொல், இரட்டை எழுத்தைக்கூட விடாமல். மற்றது அறுவடைக்கான சொல்.